தடம் புரண்ட மென்பொருள் திட்டத்தை மீட்பது எப்படி? புதிய மேலாளர்களுக்கான செய்முறை விளக்கம்

மென்பொருள் திட்டம் ஒன்றின் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வரும்போது அது நல்ல நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒப்புக்கொண்ட தேதியை ஏற்கெனவே ஒருமுறை தவறவிட்டு, முந்தைய மேலாளர் வேறு பணிக்கு மாற்றப்பட்டு, வாடிக்கையாளர் நாள்தோறும் அழைத்து விசாரிக்கும் நிலையில்தான் பல திட்டங்கள் புதியவர் கைக்கு வந்து சேர்கின்றன. அப்போது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும். அந்த வரிசையை மாற்றிச் செய்தால் நல்ல குழுகூடத் திணறிவிடும்.

விளக்கத்திற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர் டாட் கவ் இணையதளத்தை எடுத்துக்கொள்கிறேன். மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அந்நாட்டு அரசு உருவாக்கிய இத்தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்தும், முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே. இரண்டு மாதங்கள் கழித்து அதே தளம் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் என்று அரசு அறிவித்தது. நாடாளுமன்ற விசாரணையும் தணிக்கை அறிக்கைகளும் வெளிவந்திருப்பதால், உள்ளே நடந்தவை நமக்கு ஓரளவு துல்லியமாகவே தெரியும். உங்கள் திட்டம் அதைவிடப் பலமடங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் மீட்கும் முறை பெரிதும் மாறுவதில்லை.

முதல் படி: புதிய வேலைகளை நிறுத்துங்கள்

பொறுப்பேற்ற முதல் நாளே, புதிய அம்சம் எதையும் தொடங்க வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் நிற்கும் வேலைகள் ஏராளமாக இருக்கும்போது மேலும் ஒன்றைத் தொடங்கினால், எது முடிந்தது, எது முடியவில்லை என்று கணக்கெடுப்பதே இயலாமல் போகும். இந்த நிறுத்தம் ஒரு வாரத்திற்கு மட்டுமே என்பதை வாடிக்கையாளரிடமும் முன்கூட்டியே தெரிவியுங்கள். நேரடிப் பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளாக இருந்தால், அவசரப் பிழைதிருத்தத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

இரண்டாம் படி: உண்மை நிலவரத்தை நீங்களே பாருங்கள்

மீட்புப் பணியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. உங்களிடம் தரப்படும் நிலை அறிக்கையில் எல்லாம், சிக்கல் இல்லை என்பதைக் குறிக்கும் பச்சை நிறத்தில் இருக்கும். தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டதாகவும் எழுதப்பட்டிருக்கும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சற்று நம்பிக்கையோடு மதிப்பிடுகிறார்கள். அறிக்கை ஒவ்வொரு மேசையாக மேலே செல்லச் செல்ல அந்த நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு அம்சத்தையும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பணம் செலுத்தும் பக்கம் முடிந்துவிட்டது என்று பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை எழுதியவரின் அருகில் அமர்ந்து, "இப்போது ஒருமுறை செலுத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவருடைய கணினியில் பரிசோதனை அட்டையை வைத்துச் செலுத்தினால் பணம் போகிறது. "அட்டையை வங்கி ஏற்க மறுத்தால்?" என்று கேட்டால், திரை அப்படியே நின்றுவிடுகிறது. இரசீது மின்னஞ்சல் வர வேண்டிய இடத்தில், பிறகு எழுதலாம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. பரிசோதனை சர்வரில் இந்தப் பக்கம் இன்னும் ஏற்றப்படவே இல்லை. முடிந்ததாகக் கணக்கிடப்பட்ட ஒரு வரி, முடியாத மூன்று வரிகளாகப் பிரிந்துவிட்டது. இந்த வகையில் பட்டியல் முழுவதையும் நான்கைந்து நாட்களில் பார்த்து முடித்துவிடலாம். பட்டியல் நீள்வதைக் கண்டு கலங்க வேண்டாம். அந்த வேலைகள் முன்பும் இருந்தவைதான், இப்போது எழுத்தில் வந்திருக்கின்றன.

குழுவினரோடு பேசும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். "இந்தத் திட்டத்தில் உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பரிசோதகர்களையும், பணியில் மிக இளையவர்களையும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் வாய் திறக்காத இவர்களிடம்தான் பல நேரங்களில் சரியான தகவல் கிடைக்கிறது.

அடுத்து, மென்பொருளின் உடல்நிலையை எண்களில் பார்க்க வழிசெய்யுங்கள். அமெரிக்கத் தளத்தை மீட்க 2013 அக்டோபரில் வெளியிலிருந்து வந்த பொறியாளர்கள், தளம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை ஒரே பார்வையில் காட்டும் கண்காணிப்புத் திரைகூட அங்கு இல்லாததைக் கண்டு திகைத்தார்கள். முதலில் அவர்கள் அமைத்தது அந்த டாஷ்போர்டைத்தான். அடிக்கடி தேவைப்படும் தகவலுக்காக ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திற்கே ஓடிக்கொண்டிருந்த அமைப்பில், அத்தகவலைக் கேஷில், அதாவது விரைவாக எடுக்கக்கூடிய தற்காலிகச் சேமிப்பில், வைத்ததும் சராசரியாக 8 விநாடி எடுத்த பக்கங்கள் ஏறக்குறைய 2 விநாடியில் திறந்தன. அளவுகள் கண்ணுக்குத் தெரியாதவரை இப்படிப்பட்ட எளிய திருத்தங்கள் யாருக்கும் தோன்றுவதில்லை. உங்கள் திட்டத்திற்கு மூன்று எண்கள் போதும்: பக்கம் திறக்க ஆகும் நேரம், நூறு கோரிக்கைகளில் எத்தனை பிழையில் முடிகின்றன, ஒரு நாளில் எவ்வளவு நேரம் அமைப்பு இயங்குகிறது.

மூன்றாம் படி: எதை விட்டுவிடலாம் என்று தீர்மானியுங்கள்

உண்மையான பட்டியல் கைக்கு வந்தபின், அதை வாடிக்கையாளருடன் அமர்ந்து இரண்டாகப் பிரியுங்கள். எது இல்லாவிட்டால் மென்பொருளைத் திறக்கவே முடியாதோ அது ஒரு பக்கம். மற்றவை எல்லாம் இன்னொரு பக்கம். எல்லாமே முக்கியம் என்றுதான் வாடிக்கையாளர் தொடங்குவார். அப்போது, "திறப்பு நாளன்று இது இல்லையென்றால், அந்த வேலையை உங்கள் அலுவலகத்தில் எப்படிச் செய்வீர்கள்?" என்று ஒவ்வொன்றிற்கும் கேளுங்கள். சில வாரங்களுக்குக் கையால் செய்துகொள்ளலாம் என்று அவரே சொல்லும் அம்சங்களை இரண்டாம் பக்கத்திற்கு மாற்றிவிடலாம். அமெரிக்க அரசும் இதைத்தான் செய்தது: சிறுதொழில் நிறுவனங்களுக்கான இணையவழிப் பதிவை ஓராண்டு தள்ளிவைத்தது, தனிநபர்கள் சேரும் வழியைச் சரிசெய்வதில் முழுக் கவனத்தையும் செலுத்தியது. இத்தகைய முடிவு அரசியலில் கசப்பானதே. ஆயினும், எதையும் குறைக்காமல் தேதியை மட்டும் மாற்றும் மீட்புத் திட்டத்தை நான் மீட்பு என்று ஏற்கமாட்டேன்.

நான்காம் படி: ஒரே பொறுப்பாளர், அன்றாடக் கூட்டம்

அந்தத் தளத்தின் வேலை 60 ஒப்பந்தங்களில் சிதறிக் கிடந்தது. தம் பகுதி சரியாக ஓடுகிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் சொல்ல, முழுத் தளம் மட்டும் ஓடாமல் நின்றது. அனைத்தையும் இணைத்துச் செய்யும் முழுமையான பரிசோதனை, திறப்பிற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்தக்காரர்களே விசாரணையில் தெரிவித்தார்கள். மீட்புப் பொறுப்பை ஏற்ற ஜெஃப் சயின்ட்ஸ், அக்டோபர் 25 அன்று ஒரு நிறுவனத்தைத் தலைமை ஒப்பந்தக்காரராக அறிவித்தபின், முடிவெடுக்கும் இடம் எது என்பதில் குழப்பம் நீங்கியது. உங்கள் குழுவிலும், வடிவமைப்பு, நிரல், சர்வர் ஆகிய அனைத்திற்கும் சேர்த்து இறுதி முடிவு சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

அங்கு நாளுக்கு இருமுறை கூட்டம் நடந்தது. கூகுளிலிருந்து வந்த மிக்கி டிக்கர்சன் அதற்கு வகுத்த விதிகள் மூன்று. சிக்கலைத் தீர்ப்பதற்காகவே கூட்டம், பழி சுமத்த வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பதவியில் பெரியவர் பேசுவதைவிட அந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர் பேச வேண்டும். அடுத்த ஓரிரு நாட்களில் பாதிப்பை உண்டாக்கக்கூடியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் இரண்டாவது விதிதான் நம் அலுவலகங்களில் கடைப்பிடிக்கக் கடினமானது. மேலாளர் அறையில் இருக்கும்போது இளையவர் அவரைத் திருத்திப் பேசத் தயங்குவார். ஆகவே, கேள்வியைப் பெயர் சொல்லி அந்த இளையவரிடமே கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி சொன்னவருக்கு அனைவர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். ஒருமுறை அவரைக் கடிந்துகொண்டால், அதன்பின் அந்தக் குழுவிலிருந்து உங்களுக்கு நல்ல செய்தி மட்டுமே வந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: ஆட்களைச் சேர்ப்பதில் நிதானம்

நெருக்கடி முற்றியதும், பத்துப் பேரைக் கூடுதலாகத் தருகிறோம் என்று மேலிடம் சொல்லும். தாமதமான மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று, ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க முறைமையை உருவாக்கும் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். 5 பேர் குழுவில் ஒருவரோடொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 10. அதுவே 10 பேரானால் 45. புதியவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவரும், ஏற்கெனவே நேரமின்றித் தவிக்கும் பழைய ஆள்தான். ஆயினும் அமெரிக்கத் தளத்திற்கு வெளியாட்கள் பயன்பட்டார்கள். ஏனெனில் வந்தவர்கள் சிலரே, அவர்களும் பெரிய தளங்களை நடத்திப் பழகிய வல்லுநர்கள். தரவுத்தளம் மெதுவாக இருந்தால் தரவுத்தளம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள், எண்ணிக்கையாகக் கேட்காதீர்கள்.

ஆறாம் படி: புதிய தேதியைச் சொல்லுங்கள்

இதுவரையிலான படிகளை முடிக்காமல் தேதி சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை தவறவிட்ட தேதியையாவது வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ளக்கூடும், மூன்றாம் முறை அவர் கேட்கவே மாட்டார். சொல்லும்போது, என்ன இருக்கும், எந்த அளவில் இயங்கும் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள். நவம்பர் இறுதிக்குள் பெரும்பாலான பயனர்களுக்குத் தளம் தடையின்றி இயங்கும் என்று சயின்ட்ஸ் சொன்னார். எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. டிசம்பர் 1 அறிக்கையில், 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டதும், பக்கம் திறக்கும் நேரம் 1 விநாடிக்குக் கீழ் வந்ததும், பிழை விகிதம் 1 சதவீதத்திற்குக் கீழ் இறங்கியதும் எண்களாகவே தரப்பட்டிருந்தன. கூட்டம் மிகுந்தால் பயனரை வரிசையில் காத்திருக்கச் செய்து, பின்னர் வருமாறு மின்னஞ்சல் அனுப்பும் வசதியையும் அவர்கள் சேர்த்தார்கள்.

நீண்ட தவணை ஒன்றைவிட, வாரம் ஒன்றாகச் சிறு இலக்குகளை வைத்து, ஒவ்வொரு வெள்ளியன்றும் வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்டுங்கள். தொடர்ந்து மூன்று வாரங்கள் சொன்னதைச் சொன்னபடி காட்ட முடிந்தால் திட்டம் தடத்திற்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மூன்று வாரங்களும் தவறினால், திட்டத்தைத் தொடர்வதா, கைவிடுவதா என்ற கேள்வியை மேலிடத்தின் முன் எழுத்தில் வையுங்கள். செலவழித்த பணத்தை விட்டுவிட்டு, இனி ஆகப்போகும் செலவையும் கிடைக்கப்போகும் பயனையும் மட்டும் அதில் காட்டுங்கள். தடத்திற்கு வந்துவிட்டால், அன்றாடக் கூட்டத்தைக் குறையுங்கள். வார இறுதிகளைக் குழுவினருக்குத் திருப்பித் தாருங்கள். அதன்பிறகே மூன்றாம் படியில் தள்ளிவைத்த பட்டியலைக் கையில் எடுங்கள்.