அடிபட்ட குதிரையிடம் செய்யக்கூடாதவை

போன மாதம் நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து ஒரு பையன் வந்தான். சீசனில் சவாரிக்கு ஓடித் தேய்ந்த மட்டக்குதிரை ஒன்றை இரக்கப்பட்டு வாங்கியிருக்கிறான். முதுகில் புண், வாயோரத்தில் கடிவாளத் தழும்பு. "அண்ணே, கரட் குடுத்தா வருது, கயித்தப் பாத்தா ஓடுது" என்றான். பத்து வருசத்துக்கு முன் நான் புலம்பிய அதே புலம்பல்.

பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதே, பக்கத்தில் குடையைப் படக்கென்று விரிக்காதே என்பதையெல்லாம் ஓர் உதை வாங்கினால் தானாகவே கற்றுக்கொள்வார்கள். அதை விடுவோம்.

கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால்தான் குதிரை லாயம் (லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்). அங்கே ஒரு செவலைப் பெட்டை இருந்தாள். முகத்தில் அடி வாங்கியவள். கை நெஞ்சுக்கு மேலே உயர்ந்தாலே தலையைத் தூக்கிக்கொண்டு விலகுவாள். நான்கு வாரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மழையிலும் பனியிலும் கரட் இலையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாலை அவளாகவே வந்து உள்ளங்கையில் மூக்கை வைத்தாள். என் இடக்கையில் கயிறு இருந்தது. கிடைத்த நேரத்தை விடுவதா என்று கழுத்தில் போட்டுவிட்டேன். பிடித்தும்விட்டேன். வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் என்னைக் கண்டதும் தூர மூலைக்குப் போனாள். கரட்டையும் தொடவில்லை. திரும்ப அருகில் வர எட்டு மாதம் ஆயிற்று. கரட் வந்தால் பின்னாலேயே கயிறும் வரும் என்று நானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை. தெரியாதது நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான். மூக்கருகே இருந்த கை நெற்றிப் பக்கம் போகும்போது மறைந்து, திடீரென்று மேலே முளைக்கிறது. அடி வாங்கியது அதை எப்படிப் பார்க்கும்?

கயிறு முதல் நாளிலிருந்தே தோளில் தெரியத் தொங்கட்டும். முகர்ந்து பார்க்கட்டும். பெரும்பாலான நாள் ஒன்றும் செய்யாமல் திரும்பி வாருங்கள். தொடுவதென்றால் பக்கவாட்டில் நின்று தோளைத் தொடுங்கள். அப்புறம் பிடரி மயிர் முடிவடைகிற இடத்திலுள்ள மேட்டைச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், இதயத் துடிப்பும் தணியும். அது விலகுவதற்கு முன் உங்கள் கை விலக வேண்டும். முதன்முதலாகத் தலைக்கயிறு போட்ட அன்றைக்கு, போட்டதும் கழற்றிவிட்டுப் போய்விடுங்கள். "இவ்வளவு பாடுபட்டுப் போட்டோமே, ஒரு சுற்று நடத்திப் பார்ப்போம்" என்று தோன்றும். வேண்டாம்.

அசையாமல் நிற்பதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வது

சில குதிரைகள் கல் மாதிரி நிற்கும். "சாது" என்பார்கள். எதிர்த்துப் பயனில்லை என்று விட்டுக்கொடுத்த நிலையாகவும் அது இருக்கலாம். வாய் இறுகி, கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அறுபதைத் தாண்டி ஓடினால் அது சாதுவாக நிற்கவில்லை, பயத்திலோ வலியிலோ நிற்கிறது. நிம்மதியான குதிரை கழுத்தைத் தாழ்த்தும், ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வெடுக்கும்.

எல்லாவற்றையும் பயம் என்பது

வலியாகவும் இருக்கலாம். முதலில் முதுகு, பல், குளம்பைப் பார்க்க வேண்டும். மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பட்டினி கிடந்ததற்குத் தானியத்தைக் கொட்டுவது

உயிருக்கே ஆபத்து. புல், கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை.

சொந்தபந்தங்களைக் கூட்டிவந்து காட்டுவது

கூடாது.

அந்தச் செவலை இப்போது கூப்பிட்டால் வருகிறாள். ஆனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால், நடு வழியில் நின்றுவிடுவாள். இந்தக் குளிரிலும் இரண்டு கையையும் வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.