பத்தடித் தெருவில் ஆட்டம் பாம்

தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் வாசல்படிகளையும் நிறுத்தியிருக்கும் பைக்குகளையும் கழித்துவிட்டால் பத்தடிதான் தேறும். தீபாவளிக்கு அந்தப் பத்தடிக்குள்தான் ஆட்டம் பாம். பற்றவைத்தவர் எதிர்வீட்டுப் படிக்கு ஓடுவார், வேடிக்கை பார்க்கிறவர்கள் இந்த வீட்டுப் படியில் நிற்பார்கள், நடுவில் திரி எரியும். வாளியில் தண்ணீர், காலில் செருப்பு, உடம்பில் பருத்தித் துணி என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஆயா சத்தம் போடுவார். காதைப் பற்றி மட்டும் பேச்சே வராது. காது பாழானால் கொப்புளம் வராதே, யாருக்குத் தெரியப்போகிறது?

நாம் செய்கிற பெரிய தவறு, “கடையில் விற்கிற வெடிதானே, அரசாங்கம் அளந்து பார்த்துத்தானே விடுகிறது” என்று நம்புவது. அளக்கிறார்கள், உண்மைதான். 1999 முதல் இருக்கிற விதிப்படி ஒரு வெடியின் சத்தம் 125 டெசிபலை, உச்ச அழுத்தக் கணக்கில் (வெடிக்கிற அந்த ஒரு கணத்தில் எகிறும் உச்சத்தை மட்டும் அளந்தால்) 145 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்த அளவு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி எடுக்கப்படுவது. 4 மீட்டர் என்றால் பதின்மூன்று அடி. எங்கள் தெருவின் அகலமே பத்தடி! வாசற்படியில் நிற்கிற பிள்ளை அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம். உச்ச அழுத்தம் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும் குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். விதியின் எல்லையைத் தொடும் ஒரு வெடி பெரியவர் காதுக்கு 140ஆக இறங்கவே சுமார் 7 மீட்டர் வேண்டும். குழந்தைக்கு 120ஆக இறங்க சுமார் 70 மீட்டர். எழுபது மீட்டர் என்றால் எங்கள் தெருவில் ஒரு முனைக்கும் மறு முனைக்குமான தூரம். அதுவும் திறந்த வெளிக் கணக்கு. இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய தெருவில் சத்தம் மோதித் திரும்பி வருவதால் அவ்வளவு சீக்கிரம் குறையாது. ஆகவே எத்தனை வெடித்தீர்கள் என்பதைவிட எங்கே நின்றீர்கள் என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. மாநகராட்சி மைதானம் பக்கத்தில் இருந்தால் அங்கே எடுத்துப்போவது நல்லது. வேடிக்கை மட்டும் என்றால் மூன்று மாடி ஏறி மொட்டை மாடியிலிருந்து பாருங்கள், ராக்கெட் விடுகிறவர்களை மட்டும் கவனித்துக்கொண்டு.

கொட்டாங்குச்சியையோ காலி டின்னையோ கவிழ்த்து அடியில் வெடி வைக்கிற பழக்கத்தைப் பற்றி ஒரே வரி: தகரம் சிதறி முகத்தில் அடிக்கும், அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, “காது பழகிடும்” என்கிற பேச்சு. பழகுகிற மாதிரி ஓர் ஏற்பாடு காதுக்குள் இருக்கத்தான் செய்கிறது. நடுச்செவியில் ஒரு குட்டித் தசை உண்டு, உடம்பிலேயே சின்ன எலும்புத்தசை அதுதான். பெரிய சத்தம் கேட்டால் அது சுருங்கி உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது சுருங்குவதற்கு விநாடியில் நூறில் சில பங்கு நேரம் ஆகும். வெடியின் உச்சமோ ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடும். காவல்காரன் கதவைச் சாத்த வருவதற்குள் திருடன் போய்விட்ட கதை. உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிர்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவை செத்தால் செத்ததுதான். கோழிக்கு மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது.

சத்தம் உறுத்தாமல் போய்விட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அதனால்தான் பயம். காசிமேட்டில் படகு எஞ்சின் பக்கத்திலேயே வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள் சிலர் இப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் முதலில் போவது உச்சஸ்தாயிதான். பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது தெளிவாக இருக்காது. “இன்னா முணுமுணுக்கிற, தெளிவா சொல்லு” என்று வீட்டில் இருப்பவர்களைத் திட்டுவார்கள்.

பஞ்சை நம்புவது இன்னொரு தவறு. எங்கள் வீட்டில் அலமாரியிலிருந்து பஞ்சுச் சுருள் வந்தால் அதுவே பெரிய அக்கறை. பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம், வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் கிட்டே போவது மிச்சம். அதைவிடக் காதுத்துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் குருத்தெலும்பை விரலால் உள்ளே அழுத்திப் பிடிப்பது எவ்வளவோ மேல். பற்றவைக்கிறவருக்குக் கை ஒழியாது, அவருக்கு நுரைக் காதடைப்பான்தான் சரி. மருந்துக் கடையில் கிடைக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர் வீட்டில் இருந்தால் இதைப் பற்றி அவருக்கே தெரியும், அவரிடம் கேளுங்கள். அதையும் சும்மா துளை வாசலில் செருகி வைத்தால் பிரயோஜனம் இல்லை. விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். நம் குரலே உள்ளே அடைத்துக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. இரைச்சலை நீக்கும் ப்ளூடூத் இயர்போன் இதற்குப் பதிலாகாது. அது விமான இரைச்சல் போலச் சீரான சத்தத்துக்காகச் செய்தது.

கைக்குழந்தைக்கு நுரை அடைப்பான் வேண்டாம், கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும். காது முழுவதையும் மூடுகிற குழந்தை அளவு மஃப் வாங்கலாம், இல்லாவிட்டால் பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு இருங்கள். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. (ஆறு மணிக்கு முன்னால் ஆரம்பிக்காத தெரு வடசென்னையில் உண்டா என்று கேட்காதீர்கள்.)

எங்கள் பக்கம் தீபாவளியோடு வெடி முடிவதில்லை. சாவு ஊர்வலம் உண்டு. சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018இலேயே தடை போட்டது. போன வருடம்கூட ஊர்வலத்தில் என் காலடியில் ஒன்று வெடித்தது. பூப்பல்லக்குக்குப் பின்னால் மரியாதைக்காக நடந்தேன், முன்னால் போகிறவர்கள் கொளுத்திப் போட்ட சரம் கால்வாசி வெடித்து நின்றுபோயிருந்தது. அணைந்துவிட்டது என்று தாண்டினேன். இடது காதில் ‘ஙொய்ங்’ என்று ஆரம்பித்தது அடுத்த நாள் சாயந்தரம்வரை ஓயவில்லை. அதற்குள் அத்தை பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் கரண்டியில் கொண்டுவந்துவிட்டார். நல்ல வேளை, நான் ஓடிவிட்டேன். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் சரி, சொட்டுமருந்தும் சரி, தண்ணீரும் சரி, நேரே நடுச்செவிக்குள் போய்ப் புண்ணாக்கிவிடும். கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும், ஈரம் படாமல் விட்டால். இப்போதெல்லாம் ஊர்வலத்தில் சரம் கொளுத்துவதைப் பார்த்தால் பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கி நின்று, அடங்கியதும் திரும்பச் சேர்ந்துகொள்கிறேன். யாரும் தவறாக நினைத்ததில்லை.

இரைச்சல் ஒரு நாளில் அடங்கினால் பெரும்பாலும் பயமில்லை, அந்த இரண்டு மூன்று நாளைக்குக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் மந்தமாகவே இருந்தால் “தானா சரியாயிடும்” என்று பொங்கல்வரை தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது சட்டென்று அடைத்தாலோ, ரத்தமோ நீரோ வந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கே போகவேண்டும். ஸ்டீராய்டு தேவைப்படுகிற பாதிப்பு என்றால் முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. போகும்போது எந்தக் காது, என்ன வெடி, எவ்வளவு கிட்டத்தில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.