எந்த ஃபிரிட்ஜில் வைப்பார்கள்?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி படுக்கிற குடும்பம், மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டில் பலூன் விற்கும். ஐயப்ப சீசனில் கன்னியாகுமரிக் கடற்கரையில் பாசிமாலை விற்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க உதவப்போகும் நாம் செய்கிற தவறுகளில் பாதி, அவர்களுக்கும் ஒரு வீடு இருப்பதாக நினைத்துக்கொள்வதால் வருபவை.

காதுவலிக்கு எழுதும் சில ஆன்டிபயாட்டிக் சிரப்புகளைத் தண்ணீர் கலந்தபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். தண்ணீரில் கரையும் மாத்திரையாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல் விஷயம் இன்னும் மோசம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உள்ளது. அம்மாவின் கையில் இருப்பதோ யாரோ குடித்துப்போட்ட அரை லிட்டர் பாட்டில். அதில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு இரண்டு மடங்காகிவிடும், பிள்ளைக்கு ஆபத்து. பாக்கெட்டோடு நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலையும் வாங்கிக் கொடுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு நின்றாலும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். அத்தனையையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவது நல்லது. ‘அப்புறம் வாங்க’ என்றால், அதற்குள் அவர்கள் வேறு ஊர்த் திருவிழாவில் இருப்பார்கள்.

தடுப்பூசி அட்டை எப்போதோ மழையில் போயிருக்கும். அதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. பழைய பதிவு கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிடைக்காவிட்டால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு வயதுக்கு ஏற்றதைப் போடுவார்கள். புது அட்டையை அம்மாவின் போனிலேயே படம் எடுத்து வையுங்கள். கூரை இல்லாவிட்டாலும் போன் இருக்கும்.

நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக் குழாயடி போதும்: சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், அடுத்த ஊசியை அவர்கள் இருக்கிற ஊரின் அரசு ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

சரி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகிறீர்கள் என்று வையுங்கள். போகிற வழியில் “வீடு எங்க மக்களே?” என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை தனியாக இருந்தால் நம் வீட்டுக்கு அழைத்துப்போகாமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளையின் முகத்தைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே தடுத்திருக்கிறது.