மேரி ரீபியைத் தேடிய கதை – என் அனுபவம்

ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில் இருக்கும் மேரி ரீபி, இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதியாக சிட்னிக்கு வந்தவர். அவருடைய தடத்தை ஆவணங்களில் பிடிக்க நினைத்தேன். லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றப் பதிவுகளில் பெயரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் வீண்.

அந்தப் பதிவுகளில் இருப்பவை பெரும்பாலும் லண்டன் வட்டார வழக்குகள்தான். இவர் வழக்கோ லண்டனுக்கு வெளியே, ஸ்டாஃபோர்ட் என்ற ஊரில் நடந்தது. சரி, முடிவிலிருந்து பின்னோக்கிப் போவோம் என்று தொடங்கினேன். 1855இல் மரணம், 1811இல் கணவர் இறப்பு, 1794இல் திருமணம். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. ரீபி என்பது கணவர் வழிப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர் ஹேடாக். அதைவிட முக்கியம், குதிரைத் திருட்டில் பிடிபட்டபோது அவர் ஆண் வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில் இருந்தார். பதின்வயதுச் சிறுமி! எனக்கு மனசு கனத்துப் போனது. ஏழு ஆண்டு தண்டனை. 1792 அக்டோபரில் 'ராயல் அட்மிரல்' கப்பலில் சிட்னி.

ஒரு எச்சரிக்கை: 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் '1821இல் சுதந்திரமாக வந்தவர்' என்றே பதிவாகியிருக்கிறார். இங்கிலாந்து போய்த் திரும்பிய ஆண்டு அது. அந்த ஒரு வரியை மட்டும் நம்பியிருந்தால் கைதி என்றே தெரிந்திருக்காது. அப்புறம் வேறு யாரைத் தேடினாலும் கப்பல் பெயரையும் வந்த ஆண்டையும்தான் முதலில் பிடிக்கிறேன்.