அடையாளச் செயலி போனில் இருக்கிறதா? இதையெல்லாம் முதலில் செய்து வையுங்கள்

அடையாளச் செயலி என்றால், நீங்கள் யார் என்பதைப் போனிலிருந்தே நிரூபிக்க உதவும் செயலி. அடையாள அட்டையைப் போனில் வைக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வங்கிக் கணக்கு தொடங்குவது, வரி கட்டுவது, மருத்துவப் பதிவுகளைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு வரிசையில் நின்றது போய், இப்போது உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிகிறது. நடக்க முடியாதவர்களுக்கும், வேலை நேரத்தில் வெளியே போக முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். இந்தியாவில் ஆதார், டிஜிலாக்கர், சிங்கப்பூரில் சிங்பாஸ், ஸ்வீடனில் பேங்க்ஐடி என்று பெயர்தான் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்கென்று சட்டமே கொண்டுவந்து, உறுப்பு நாடுகள் 2026 முடிவதற்குள் மக்களுக்கு ஓர் அடையாள வாலட்டாவது (அடையாளச் சான்றுகளை வைத்துக்கொள்ளும் செயலி) தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. எப்படியும் எல்லோர் போனுக்கும் வரப்போகிறது. வருவதை ஒழுங்காக வைத்துக்கொள்வோம்.

"இதை யாராவது ஹேக் செய்துவிட மாட்டார்களா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் குறியாக்கத்தையே உடைப்பது ரொம்ப அரிது. அப்படியொரு பயம் 2017-ல் எஸ்டோனியாவில் வந்தது: அடையாள அட்டைகளின் சிப்பில் ஒரு குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, அரசு சுமார் 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்துப் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னது. அந்தக் குறையை வைத்து யாரும் ஏமாற்றியதாகத் தெரியவரவில்லை. ஆனால் அன்றாடம் ஆட்கள் பணத்தையும் பெயரையும் இழப்பது வேறு இரண்டு வழிகளில். போன் அடுத்தவர் கையில் சுலபமாகத் திறந்துகொள்கிறது, இல்லையென்றால் உரியவரே 'ஒப்புதல்' பொத்தானை அழுத்திவிடுகிறார். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் அடைப்பதற்குத்தான்.

நிறுவும்போது

செயலியின் பெயரைத் தேடி, முதலில் வருவதை இறக்காதீர்கள். அதே பெயர், அதே சின்னம் வைத்துப் போலிகள் இருக்கும். அரசின் அல்லது நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே முகவரி தட்டிப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாகச் செயலிக் கடைக்குள் நுழையுங்கள். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஏபிகே கோப்பை (செயலிக் கடைக்கு வெளியே வரும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) நிறுவவே கூடாது, அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும். பதிவு செய்வதை உங்கள் போனில், நீங்களே செய்யுங்கள். "கொடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்" என்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் பின் எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் அவர் முடிவு செய்ததாக ஆகிவிடும்.

பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோன பழைய போனில் இந்த வகைச் செயலியே வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'அணுகல்தன்மை' (Accessibility) என்ற பகுதியைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்கு அந்த அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக வந்த அருமையான வசதி அது. அதே அனுமதி தவறான ஆப்பிடம் போனால் அது திரையில் இருப்பதை எல்லாம் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். வங்கிப் பணத்தைத் திருடும் பல தீய செயலிகள் இந்த வழியாகத்தான் வேலை செய்கின்றன. டார்ச் ஆப்புக்கும் வால்பேப்பர் ஆப்புக்கும் அந்த அனுமதி எதற்கு? உடனே எடுத்துவிடுங்கள். தொலைவிலிருந்து உதவி செய்வதாகச் சொல்லி யாரோ போடச் சொன்ன திரைப் பகிர்வு ஆப் கிடந்தால் அதையும் நீக்குங்கள்.

பூட்டு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில டிஜிட்டல் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி 2022-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். உரிமத் தரவு நான்கு இலக்கப் பின் எண்ணால் மட்டுமே பூட்டப்பட்டிருந்தது. நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 சேர்க்கைதான், கணினியை விட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். திறந்த பிறகு பிறந்த தேதியை மாற்றியும் காட்டினார்கள். அதனால் ஆறு இலக்கமாவது வையுங்கள், முடிந்தால் எழுத்தும் கலந்த கடவுச்சொல். போனைத் திறக்கும் பின் எண்ணும் அடையாளச் செயலியின் பின் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏனென்றால், பின் எண்ணைத் தட்டுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம் போனைப் பறிப்பது திருடர்களின் பழக்கமாகிவிட்டது. ஐபோனில் இதற்காகவே 2024 ஜனவரியில், ஐஓஎஸ் 17.3-இல் 'திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு' (Stolen Device Protection) வந்தது. வழக்கமான இடங்களை விட்டு வெளியே இருக்கும்போது, பின் எண் தெரிந்தவர்கூட முகமோ விரலோ இல்லாமல் முக்கியமான மாற்றங்களைச் செய்ய முடியாது. உங்கள் போனில் அது இயங்குகிறதா என்று பார்த்து வையுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. உங்கள் போனில் வீட்டில் உள்ள வேறு யாருடைய விரல்ரேகையாவது பதிந்திருக்கிறதா? போனைத் திறக்கும் எந்த விரலும் பல செயலிகளையும் திறக்கும். விளையாடக் கொடுப்பதற்காகச் சேர்த்த குழந்தையின் விரல் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் நிலைமை வேண்டாம், நீக்கிவிடுங்கள்.

ஓடிபி விஷயத்துக்கு வருவோம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி உங்கள் சிம்மை நம்பி நிற்கிறது. உங்கள் பெயரைச் சொல்லி மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவர்களுக்குப் போகும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாடுகளோடு மட்டுமே பயன்படுத்த வேண்டிய முறை என்று வகைப்படுத்திவிட்டது. செயலியில் முகச் சரிபார்ப்பு, பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி) போன்ற வேறு வழி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்முக்கும் ஒரு பின் எண் போடுங்கள்: போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும் அது கேட்கும். மாற்று சிம் மோசடியை அது தடுக்காது, ஆனால் திருட்டுப் போனில் இருந்து வரும் தொல்லையைத் தடுக்கும்.

ஒருவரிடம் காட்டும்போது

போனைக் கையில் கொடுக்காதீர்கள். யார் கேட்டாலும், திறந்த போனை நீட்டுவது வீட்டுச் சாவி, பீரோச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுப்பது மாதிரி. மொபைல் ஓட்டுநர் உரிமத்துக்கென 2021-ல் வந்த ஐஎஸ்ஓ 18013-5 தரமே இதை மனதில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது: நீங்கள் ஒரு க்யூஆரைக் காட்டுகிறீர்கள் அல்லது போனைக் கருவிக்கு அருகில் கொண்டுபோகிறீர்கள், தேவையான தகவல் மட்டும் கம்பியில்லாமல் போகிறது, போன் உங்கள் கையிலேயே இருக்கிறது. வேறு வழியே இல்லாமல் திரையைக் காட்டத்தான் வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் ஒரே செயலியில் திரையை நிறுத்தி வைக்கும் வசதியும் (Screen pinning) ஐபோனில் வழிகாட்டிய அணுகலும் (Guided Access) இருக்கின்றன. அந்த ஒரு பக்கத்தை விட்டு வேறெங்கும் போக முடியாதபடி பூட்டிவிட்டுக் காட்டுங்கள்.

தகவலை அனுப்புவதற்கு முன் வரும் ஒப்புதல் திரையை நிறுத்திப் படியுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. மேலே கேட்பவரின் பெயர் இருக்கும். அதன் கீழே என்னென்ன கேட்கிறார் என்று ஒரு பட்டியல்: பெயர், புகைப்படம், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண். நன்றாகச் செய்யப்பட்ட செயலியில் இவற்றில் வேண்டாததை எடுத்துவிடலாம். 18 வயது தாண்டிவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டியவருக்கு 'ஆம்' என்ற ஒரு பதில் போதும். பிறந்த தேதியே வேண்டாம், முகவரி எதற்கு? நான் சொன்ன அதே தரத்தில், கேட்பவர் அந்தத் தகவலைச் சேமித்து வைக்கப் போகிறாரா என்று அறிவிக்கும் ஒரு குறியீடும் உண்டு. 'சேமிக்கப்படும்' என்று திரையில் வந்தால் எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் அட்டையையே காட்டிவிட்டுப் போகலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உங்கள் கேலரியிலும், கிளவுட் காப்பு நகலிலும், பெற்றவரின் போனிலும் என்று பல இடங்களில் தங்கிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில் எண்ணை மறைத்த நகல் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட வடிவத்தை இறக்கிக்கொள்ளலாம், 12 இலக்க எண்ணுக்குப் பதிலாக வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணையும் கொடுக்கலாம். அடையாளத்தைச் சரிபார்க்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், திரையில் தெரியும் படத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். படத்தை யாரும் வரைந்துவிடலாம். க்யூஆரை அதற்கான அதிகாரபூர்வச் செயலியில் ஸ்கேன் செய்து பார்த்தால்தான் அது வழங்கியவரின் டிஜிட்டல் கையெழுத்தோடு வந்ததா என்று தெரியும்.

ஒப்புதல் பொத்தான்

மோசடிகளில் பெரும்பகுதி நடக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒருவர் போன் செய்து, உங்கள் கணக்கில் ஏதோ சந்தேகமான பரிவர்த்தனை நடக்கிறது என்கிறார். பதற்றமான குரல் இல்லை, மரியாதையாகத்தான் பேசுகிறார். பேசிக்கொண்டே அவர் தன் கணினியில் உங்கள் வங்கியின் உண்மையான தளத்தைத் திறந்து உங்கள் எண்ணைத் தட்டுகிறார். உடனே உங்கள் போனில் அடையாளச் செயலி 'டிங்' என்கிறது. "இப்போது ஒரு செய்தி வந்திருக்கும், நீங்கள்தானா என்று உறுதி செய்யுங்கள்" என்கிறார். வந்திருப்பது அசல் செயலி, அசல் செய்தி, சந்தேகப்பட எதுவுமே இல்லை. நீங்கள் பின் எண்ணைப் போட்டு அழுத்தியதும் உள்ளே நுழைவது அவர். இரண்டாவது முறை கேட்பார், "ரத்து செய்வதற்காக" என்று சொல்லி. அது பணம் அனுப்புவதற்கான ஒப்புதல்.

க்யூஆர் வழியும் இதே கதைதான். சிங்கப்பூரில் ஏதோ கருத்துக்கணிப்புக்குப் பரிசு தருவதாகச் சொல்லி, கடைசியில் 'சரிபார்ப்புக்காக' சிங்பாஸில் ஒரு க்யூஆரை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். அது வேறொரு சேவையின் உண்மையான உள்நுழைவு க்யூஆர். ஸ்வீடனின் பேங்க்ஐடி இதனால்தான் நொடிக்கு நொடி மாறும் க்யூஆருக்குப் போனது, படம் பிடித்து அனுப்பினால் அதற்குள் காலாவதியாகிவிடும். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், ஒருவர் போனில் சொல்லச் சொல்ல நீங்கள் அழுத்தினால் அதனால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: நான் தொடங்காத கோரிக்கைக்கு நான் ஒப்புதல் கொடுக்க மாட்டேன். நீங்களே ஒரு தளத்துக்குப் போய், நீங்களே உள்நுழைவை அழுத்தி, அதற்காக வந்த செய்தி என்றால் மட்டும் அழுத்துங்கள், அப்போதும் திரையில் உள்ள நிறுவனத்தின் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் நிராகரிப்பு. இரவில் திரும்பத் திரும்பக் கோரிக்கை வந்தால் உங்கள் கடவுச்சொல் யாரிடமோ இருக்கலாம் என்று அர்த்தம், தொல்லை தாங்காமல் ஒன்றை அழுத்திவிடாமல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். போனில் பேசுபவர் அவசரப்படுத்தினால் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்திலோ அதிகாரபூர்வத் தளத்திலோ உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் வேறு எதையும் சொல்லிக் குழப்ப வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, பொய்யாக ஒரு கோரிக்கையை அனுப்பி, எங்கே நிராகரிக்க வேண்டும் என்று அவர்கள் விரலாலேயே அழுத்த வைத்துக் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை செயலியின் பயன்பாட்டு வரலாற்றைத் திறங்கள். எந்த நாள், எங்கே உங்கள் அடையாளம் பயன்பட்டது என்று அதில் இருக்கும். இனி தேவையில்லாத சேவைகளுக்குக் கொடுத்த அனுமதியை அங்கேயே திரும்பப் பெற்றுவிடுங்கள்.

போன் தொலைந்தால்

தொலைவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் போனை அணைத்து வைத்துவிட்டு, வேறொரு கணினியிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் போக முடிகிறதா? பலருக்கு முடியாது, ஏனென்றால் அந்தக் கணினி கேட்கும் ஓடிபி வருவது அணைத்து வைத்த அதே போனுக்குத்தான். மீட்புக் குறியீடுகளை (போன் இல்லாதபோது கணக்குக்குள் நுழைய உதவுபவை) தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், போனுக்குள் நோட்ஸில் போட்டு வைத்தால் ஒரு பயனும் இல்லை. பிளாஸ்டிக் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். மொபைல் உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்க விமான நிலையங்களிலேயே அட்டையையும் கையில் கொண்டுவரச் சொல்கிறார்கள். சார்ஜ் தீர்ந்தாலோ சர்வர் படுத்துவிட்டாலோ அதுதான் உதவும்.

தொலைந்துவிட்டது என்று தெரிந்ததும் தொலைவிலிருந்து போனைப் பூட்டுங்கள், அடுத்து அடையாளச் சேவையின் உதவி எண்ணில் சொல்லி அந்தச் சாதனத்தை நீக்கச் செய்யுங்கள், அப்புறம் சிம், அப்புறம் வங்கி. கிடைத்துவிடும் என்று மாலை வரை காத்திருக்க வேண்டாம். கிடைத்தால் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம், அது அரை மணி நேர வேலை.

போனை மாற்றும்போது, செயலியை அழிப்பதும் சாதனத்தை நீக்குவதும் வேறு வேறு. அழித்தால் போனிலிருந்து போகும், சேவையின் பக்கம் அந்தப் போன் இன்னும் உங்களுடையதாகவே பதிந்திருக்கலாம். முதலில் புதுப் போனில் பதிவு செய்து, ஒருமுறை உள்நுழைந்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு 'என் சாதனங்கள்' போன்ற பக்கத்தில் பழையதை நீக்குங்கள். விற்பதோ யாருக்காவது கொடுப்பதோ என்றால், சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, போனை முழுவதுமாக அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோன பிறகே கொடுங்கள்.