"வெளியே போய் நில்" என்பது தண்டனையா?

மும்பை செம்பூரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நடத்தைப் பயிற்சி தர வரும் புதியவர்களைப் பார்க்கிறேன். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. அடிக்காதே, கத்தாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

எதற்காகச் செய்கிறான் என்று பார்க்காமல் தண்டிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏழு வயதுப் பையன். கழித்தல் கணக்குத் தாளை வைத்தவுடன் பென்சில் டப்பாவைத் தட்டிவிடுவான். "வெளியே போய் நில்!" அவனும் சமர்த்தாக எழுந்துபோய், வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலை வேடிக்கை பார்ப்பான். திரும்பி வரும்போது மேசையில் அந்தத் தாள் இருக்காது, அடுத்த பாடம் ஆரம்பித்திருக்கும். "தினமும் தண்டனை கொடுக்கிறேன் அக்கா, அடங்கவே மாட்டேங்கிறான்" என்று புகார் வேறு.

எப்படி அடங்குவான்? ஒரு செயலுக்குப் பின்னால் நடப்பது அந்தச் செயலை அதிகமாக்கினால் வலுவூட்டல், குறைத்தால் தண்டனை. நாம் என்ன நினைத்துக் கொடுத்தோம் என்பது பொருட்டே இல்லை. டப்பாவைத் தட்டினால் கணக்கு போய்விடுகிறது. பிடிக்காதது விலகுவதால் ஒரு செயல் வலுப்படுவதுதான் எதிர்மறை வலுவூட்டல். ரயில் அதற்கு இலவச இணைப்பு. ஆசிரியையும் இதில் மாட்டிக்கொள்கிறார்: பையன் போனதும் அறை அமைதியாகிவிடுகிறது, அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக அனுப்புகிறார்.

தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளிடம் அமெரிக்க நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டா குழுவினர் செய்து 1982-இல் வெளியிட்ட ஆய்வும் இதைக் காட்டியது. பார்வைக்கு ஒரே செயல். ஆனால் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கவனம் கேட்டுத் தட்டுகிறவனை வெளியே அனுப்பினால் பலன் இருக்கலாம். தப்பிக்கத் தட்டுகிறவனுக்குப் பத்துக் கணக்கை இரண்டாக்குங்கள். 'பிரேக் வேண்டும்' அட்டையைக் காட்டப் பழக்குங்கள், காட்டியவுடன் கொடுங்கள். தட்டினால் தாள் அங்கேயே இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே சாக்லேட்

நாலு இட்லி சாப்பிட்டு வந்தவனுக்கு அது பரிசே இல்லை.

எத்தனை முறை செய்தான் என்று எண்ணிப் பார்க்காமலே "குறைஞ்சிருக்கு" என்பது

என்னிடம் சொல்லாதீர்கள்.

பாதியில் விட்டுக்கொடுப்பது

அழுதால் போன் கிடைக்கும் என்று பழகிய பிள்ளைக்கு அதை நிறுத்தினால், முதலில் அழுகை கூடலாம். அவ்வளவு நேரம் தாங்கிவிட்டு, லோக்கலில் எதிர் சீட்டுக்காரர் முறைத்ததும் கொடுத்தால், இன்னும் உரக்க அழவேண்டும் என்றுதான் கற்றுக்கொள்ளும். ரயிலில் தாக்குப்பிடிக்க முடியாதென்றால் வீட்டில் ஆரம்பியுங்கள். ரயிலில் ஏறியதும், அழுவதற்கு முன்பே, நீங்களாகவே போனைக் கொடுத்துவிடுங்கள்.