சிக்கிள் செல்: நோயாளியிடம் சொல்லும்போது செய்யும் தவறுகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை பார்க்கும் செவிலியருக்கோ ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கோ, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல் புதிய பேர் இல்லை. இந்தியாவில் இது முதன்முதலாக 1952-ல் பதிவானதே நீலகிரி மக்களிடம்தான். ஆனாலும் "உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரிய குழப்பம் பரிசோதனை முகாமிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அங்கே முதலில் செய்யும் ரத்தப் பரிசோதனையான சாலியூபிலிட்டி டெஸ்ட் கேரியரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. அதைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு வருவதற்குள் "உங்களுக்குச் சிக்கிள் செல் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் நோய்க்கான மரபணுவைப் பெற்றவர் கேரியர்; இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளி. கேரியருக்குப் பொதுவாகத் தொந்தரவும் இல்லை, மாத்திரையும் வேண்டாம். இதை விளக்காமல் விட்டால் நல்லாயிருக்கிற பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போகும். நோய் உள்ள தம்பியோ, "அக்காவுக்கும் இதானே, அவ என்ன மாத்திரையா முழுங்குறா?" என்று, வலி அடிக்கடி வராமல் இருக்கத் தினமும் போடும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை நிறுத்திவிடுவான். வலி இல்லாத நாளிலும் அது வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

தாய், தகப்பன் இருவரும் கேரியர் என்றால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 'நாலில் ஒன்று' என்ற கணக்கும் அப்படித்தான். கேரியர் தம்பதியிடம் சொன்னால், "ஒண்ணுக்கு வந்துருச்சு, இனி மூணுக்கு வராது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு நாணயம் கொடுத்துச் சுண்டச் சொல்லுங்கள். இரண்டும் தலை விழுந்தால் நோய், ஒன்று மட்டும் விழுந்தால் கேரியர், இரண்டும் பூ என்றால் எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்ட வேண்டும். நோய் வர அப்பாவின் நாணயத்திலும் தலை விழ வேண்டும் என்பது தெரிந்தால், மருமகளை மட்டும் ஏசுவதும் கொஞ்சம் குறையும்.

ரத்தம் குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுப்பது இன்னொரு தவறு. சாதாரணமாக 120 நாள் இருக்கும் சிவப்பணு இவர்களுக்கு 10–20 நாளில் உடைகிறது; அதனால்தான் ரத்தம் குறைகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றியவர் உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். முருங்கைக்கீரை சாப்பிடட்டும், நல்லதுதான். மாத்திரை டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

"தண்ணி நிறையக் குடிங்க" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ஆடி மழையில் தேவாலாவில் யாருக்குத் தாகம் எடுக்கும்? குளிரும் நீர் குறைவதும் சேர்ந்தால் வலி கிளம்பும். பாட்டிலைக் காட்டி, கொழுந்து பறிக்கப் போகுமுன் எவ்வளவு, மதியம் எவ்வளவு என்று பேசுங்கள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் குடிக்காமல் இருக்கலாம். அதையும் கேட்டால்தான் தெரியும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல பெரியவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பணியர் பழங்குடியினர் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல், அவர்கள் மொழி பேசும் பணியாளரைக் கூப்பிடுங்கள். கர்ப்பம், கல்யாணப் பேச்சையெல்லாம் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, குழந்தையின் வயிறு இடப்பக்கம் திடீரென்று வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர் என்றால், ராத்திரியில் யார் வீட்டு ஜீப்பைக் கேட்பது என்பதையும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள்.